சாட்சிக்கு வைத்த பூனை

மேனேஜர் தாவினால் குறி தப்பியதே இல்லை. நாற்காலியிலிருந்து துணி வெட்டும் மேசைக்கு, மேசையிலிருந்து ஜன்னல் திட்டுக்கு என்று அளந்து வைத்தது போல் போய் உட்காரும். அன்று காலை மேசை விளிம்புக்கு ஒரு சாண் முன்னாலேயே காலை நீட்டிவிட்டுத் தொப்பென்று தரையில் விழுந்தது. எழுந்து, எதுவும் நடக்காதது போல முன்னங்காலை நக்கிக்கொண்டது. தையல்காரம்மா பதறிக் கூப்பிட்டாள். பூனை நிமிர்ந்து பார்த்தது. அவளை அல்ல, அவளுக்குப் பக்கத்தில் இருந்த சுவரை.

"மேனேஜருக்கு வயசாயிடுச்சு. சீக்கிரம் ரிட்டயர்மென்ட் குடுத்துடணும்" என்று சிரித்தார் அவள் கணவர், சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

"சிரிக்காதீங்க. அது கண்ணைப் பாருங்க."

ஜன்னலில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் பூனையின் கண்மணி கோடு போலச் சுருங்கியிருக்க வேண்டும். இரண்டு கண்ணும் கறுப்புப் பொத்தான்கள் மாதிரி விரிந்து கிடந்தன. அவள் கையை அதன் முகத்துக்கு நேரே கொண்டுபோய் விரல்களை ஆட்டினாள். இமை அசையவில்லை. 

அது அவள் பூனையாக இருந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். கணவருடைய தம்பியின் மனைவி வளர்த்த பூனை அது. தான் ஒரு வேலையும் செய்யாமல், வேலை செய்கிறவர்களை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று அந்தப் பெண்தான் மேனேஜர் என்று பெயர் வைத்தாள். பிறகு அவள் நோயில் விழுந்தாள்; எழவில்லை. அவள் போன பிறகு பூனை சாப்பாட்டைத் தொடவில்லை. அவள் தினமும் கொடுத்த அதே ஈரலை, அதே கிண்ணத்தில், அதே இடத்தில் வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொழுந்தன் கப்பலில் எஞ்சின் வேலை பார்க்கிறவர். திரும்பக் கப்பலேறும் நாள் நெருங்கியதும், எலும்பும் தோலுமாக இருந்த பூனையை ஒரு கூடையில் வைத்துக் கொண்டுவந்தார்.

"அண்ணி, அவ விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான். நான் வர்ற வரைக்கும் எப்படியாவது பாத்துக்குங்க" என்றார். கூடையைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே திரும்பிவிட்டார்.

தையல்காரம்மா ரொட்டியைப் பாலில் ஊறவைத்தாள். சூடு பார்க்க நாக்கு நுனியில் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டு, விரலில் எடுத்து நீட்டினாள். பூனை நக்கியது. அவள் அன்று அழுதேவிட்டாள். அடுத்தடுத்து மசித்த பருப்பு, வேகவைத்த பூசணி என்று எதைக் கொடுத்தாலும் நக்கித் தின்றது. கறி மீன் எதுவும் நுழையாத வீடு அவளுடையது. தனக்காக ஓர் உயிர் போக வேண்டாம் என்று கல்யாணத்துக்கு முன்பே கடவுளிடம் சொல்லி வைத்தவள். பூனையும் அந்த வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டது என்றதும், கடவுளே ஒப்புதல் கொடுத்துவிட்டது போல அவளுக்குத் தோன்றியது.

"உன் கைராசி, பூனைகூட சைவமாயிடுச்சு பாரு" என்றாள் மேல்வீட்டு அக்கா. வீட்டில் நடக்கும் பிரார்த்தனைக்கு வருகிறவர்கள் மேனேஜரைத் தனியாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தையல்காரம்மா அடக்கமாகச் சிரித்துக்கொள்வாள். நல்லவர்களுக்குப் பெருமை வரும்போது அதை அவர்கள் பெருமை என்று அடையாளம் கண்டுகொள்வதில்லை.

அதைவிட, வீட்டுக்குள் நடந்த வழக்கில் அவளுக்குப் பூனை நல்ல சாட்சியாக அமைந்துவிட்டது. அவள் கணவர் பல் செட் செய்கிறவர். நாள் முழுக்க மெழுகிலும் மாவு அச்சிலும் பற்களை நிறுத்திப் பார்க்கிற தொழில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெளியே போய்க் கறி சாப்பிட்டுவிட்டு வருவார். வந்ததும் அவள் ஒன்றும் கேட்காமலே வாதத்தைத் தொடங்குவார்.

"இந்தக் கோரைப்பல்லைப் பாரு. இதைக் கூர்மையா படைச்சது கீரை கடிக்கவா? நம்ம வயித்துக்குப் பேரே இரைப்பை. யாராவது பருப்புப்பைன்னு பேரு வெச்சாங்களா?"

"பக்கத்துல பசு மாதிரி கடவாய்ப்பல்லும் இருக்கே, அது எதுக்காம்?"

"ஆதி மனுஷன் கறி தின்னுதான் மூளை வளந்துச்சுன்னு சொல்றாங்க. குரங்குகூட சின்னக் குரங்கைப் பிடிச்சுத் திங்குதாம். நம்ம பங்காளி அது."

"பங்காளி செய்யறதெல்லாம் நாமளும் செய்யணுமா? உங்க பெரியப்பா பையன் அடுத்தவன் நிலத்துல வேலி போட்டாரே, அதையும் செய்வீங்களா?"

அவர் வாய்விட்டுச் சிரிப்பார். அவளும் விடமாட்டாள். மேனேஜரின் வாயை மெல்ல விரித்துக் காட்டுவாள்.

"உங்க கோரைப்பல் என்ன பெரிய கோரைப்பல், இதைப் பாருங்க. ஊசி மாதிரி இருக்கு. இதுவே பூசணிக்காய் திங்குது. அன்பா குடுத்தா குணம் மாறும்ங்க."

 "உன் வக்கீல் பலே ஆளு" என்று பூனையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்.

அந்தச் சாட்சிதான் இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மிருக வைத்தியரான டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. பூனையின் கண்ணில் விளக்கை அடித்துப் பார்த்தாள். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். அவள் கேட்டுக்கொண்டே இருக்க இருக்க, தையல்காரம்மாவுக்குத் தன் நெஞ்சு அடிப்பது காதில் விழுந்தது.

"என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

"பால், ரொட்டி, பருப்பு... எங்க வீட்ல இது சுத்த..." வழக்கமாகச் சொல்கிற வார்த்தை பாதியில் நின்றுவிட்டது.

டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"அம்மா, மனுஷ உடம்பு பருப்பு காய்கறியிலிருந்தே நிறைய சத்தைத் தானா செஞ்சுக்கும். பூனை உடம்புக்கு அது தெரியாது. அதுக்கு வேண்டிய ஒரு சத்து கறியிலதான் இருக்கு. அது கிடைக்கலைன்னா முதல்ல கண்ணு போகும். கூடவே இதயம் பலவீனமாகும். ரெண்டும் ஆரம்பிச்சிருக்கு."

"பார்வை திரும்பி வருமா?"

"போனது போனதுதாம்மா. மிச்சம் கொஞ்சம் இருக்கு, அதைக் காப்பாத்தப் பாக்கலாம். இதயம் தேறிடும்னு நம்பறேன். ஆனா கறி சாப்பிட்டாகணும். இந்தச் சொட்டு மருந்தையும் கலந்து குடுங்க."

ஆட்டோவில் திரும்பி வரும்போது கூடையை மடியில் வைத்து இரு கையாலும் அணைத்துக்கொண்டாள். தெருவில் எதிரே வந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்ப்பது போலிருந்தது. நான் இதைப் பட்டினி போடவில்லையே, வேளாவேளைக்குக் கையால் ஊட்டினேனே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஊட்டி ஊட்டித்தான் கண்ணைப் பிடுங்கியிருக்கிறாள். கொழுந்தன் முகம் நினைவுக்கு வந்தது. அடுத்த வாரம் அவர் ஊர் திரும்புகிறார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சொட்டு மருந்தைப் பாலில் கலந்து வைத்தாள். மேனேஜர் முகர்ந்தது. பின்வாங்கியது. மருந்து கலக்காத பாலை வைத்தாள். அதையும் தொடவில்லை. ஏமாற்றிய கிண்ணம் என்று முடிவு செய்துவிட்டது போலிருந்தது. கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது.

மறுநாள் காலை கணவர் செருப்பை மாட்டினார். "ஈரல்தானே? நான் வாங்கிட்டு வரேன். நீ அந்தப் பக்கம் போக வேணாம்."

"நான் பண்ணின தப்புங்க. நானே போறேன்."

கறிக்கடைக்காரருக்கு அவளைத் தெரியும். அவர் மகளின் உடுப்புகளை அவள்தான் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறாள்.

"என்னம்மா, வழி தவறி வந்துட்டீங்களா?"

"பூனைக்கு... கோழி ஈரல். ஒரு பூனைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு போதும். அதுக்கு மேல ஒரு துண்டும் வேணாம்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.  கத்தியைக் கழுவித் துடைத்துவிட்டு, அவள் பக்கம் முதுகைக் காட்டி நின்று நறுக்கினார். இலையில் சுற்றி, அதன் மேல் காகிதம் சுற்றி, எதுவும் தெரியாதபடி கொடுத்தார்.

"காலைல வந்ததும்மா, புதுசு. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. ராங்கி பிடிச்சது. மெதுவா குடுத்துப் பாருங்க."

தெரு முனையில் நின்று அந்தக் கோழிக்காக ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டாளா, நன்றி சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

தனியாக ஒரு பாத்திரத்தில் வேகவைத்து, மசித்து, இளஞ்சூட்டில் வைத்தாள். மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிண்ணத்தை மாற்றினாள். மசித்ததை விரலில் எடுத்து மூக்குக்கு நேரே நீட்டினாள். பூனை அவள் விரலை முகர்ந்து, விரித்த கண்களால் எங்கோ பார்த்து, முகத்தைக் கால்களுக்குள் புதைத்துக்கொண்டது.

"என்னம்மா இது, கறியைக் கண்டா பூனை பாயும்னு நெனச்சேன்" என்றார் கணவர். அவர் குரலில் கேலி இல்லை. "ரத்தத்துலயே ஊறினதுன்னு நான்தானே சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அவள் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள்.

"பூனை பட்டினி கிடக்கவே கூடாதும்மா, அதோட கல்லீரல் கெட்டுடும். நாளைக்குக் காலைல வரைக்கும் முயற்சி பண்ணுங்க. இல்லைன்னா மூக்கு வழியா குழாய் போடணும். மயக்க மருந்து குடுக்கணும். இதயம் இப்படி இருக்கும்போது..." 

தையல்காரம்மா போனைக் கீழே வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கொழுந்தனிடம் சொல்லாமல் இருக்க ஆயிரம் காரணம் இருந்தது. கடலில் இருக்கிறவரை ஏன் கலங்கடிக்க வேண்டும்? வந்த பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாமே? ஒவ்வொரு காரணமும் தன்னைக் காப்பாற்றத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. கொழுந்தனின் எண்ணை அழுத்தினாள்.

கரகரப்புக்கு நடுவே அவர் குரல் கேட்டது. "சொல்லுங்க அண்ணி."

"தம்பி, நான் மேனேஜரைக் கெடுத்துட்டேன்." ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பருப்பு, பூசணி, பிரார்த்தனைக்கு வந்தவர்களிடம் பெருமையாகக் காட்டியது, கண், இதயம், நாளைக்குக் குழாய். "உங்க அண்ணன்கிட்ட வாதத்துல ஜெயிக்கணும்னு அதைச் சாட்சி வெச்சுட்டேன் தம்பி. அதுக்கு என்ன வேணும்னு நான் கேக்கவே இல்ல."

மறுமுனையில் எஞ்சின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவள் காத்திருந்தாள். இதுதான் தண்டனை என்று நினைத்தாள்.

"அண்ணி, அழாதீங்க. நான் பாத்துக்கிட்டிருந்தப்பவே அது செத்திருக்கணும். நீங்கதான் உசிரோட வெச்சிருந்தீங்க." பிறகு சொன்னார், "அவ ஈரல் குடுக்கும்போது ஒரு பழக்கம் வெச்சிருந்தா. முதல்ல தான் ஒரு வாய் போட்டுக்குவா. அது முன்னாடி மென்னு காட்டிட்டு அப்புறம் குடுப்பா. குழந்தைக்கு ஊட்றியான்னு நான் கிண்டல் பண்ணுவேன். அவ போனப்புறம் நான் வெறுமனே வெச்சேன். அது திங்கல."

தான் செய்ததெல்லாம் தையல்காரம்மாவுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பாலை நாக்கு நுனியில் வைத்துச் சூடு பார்த்தது. பருப்பில் உப்பு கலந்துவிடவில்லையே என்று ருசி பார்த்தது. ஒவ்வொரு வேளையும் பூனை அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது சைவத்துக்கு மாறவில்லை. எதைத் தின்னலாம் என்று அவளை நம்பிக் கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மருந்து கலந்த பாலையும் அடுத்து வைத்த பாலையும் மட்டும் அவள் வாயில் வைக்கவில்லை. ஈரலையும்.

கணவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நகரு. நான் போட்டுக்கறேன். எனக்கென்ன, பழகின வாய்தானே?"

தரையில் உட்கார்ந்து ஒரு துண்டை வாயில் போட்டுச் சத்தமாக மென்றார். விரலை நீட்டினார். மேனேஜர் கட்டிலின் மறுகோடிக்கு நகர்ந்தது. தட்டிக்கொடுப்பாரே தவிர, அவர் ஒரு நாளும் அதற்குச் சோறு வைத்தவரில்லை.

அவள் கிண்ணத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

"வேணாம்மா. குழாயே போட்டுக்கலாம்" என்றார் அவர். "இத்தனை வருஷமா காப்பாத்தினதை..."

"அதைக் காப்பாத்தத்தான் இதோட கண்ணைக் குடுத்தேன்."

அவள் தரையில் படுத்துக் கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்தாள். கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்தாள். கடவுளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினாள். நீயே பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய் என்பதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து வாயில் வைத்தாள்.

அருவருப்பாக இருக்கும் என்று பயந்திருந்தாள். அப்படி இல்லை. சிறுமியாக இருந்தபோது தெரிந்த ருசி, நேற்றுத்தான் சாப்பிட்டது போல நாக்கில் வந்து உட்கார்ந்தது. அதுதான் அவளைக் கலக்கியது. இத்தனை காலம் கழித்தும் உடம்பு எதையும் மறந்திருக்கவில்லை. மென்றாள். பூனையின் காதுகள் அவள் பக்கம் திரும்பின. அது அவளைப் பார்க்கிறதா, சத்தத்தைத்தான் கேட்கிறதா என்று தெரியவில்லை. மூக்கு அவள் உதட்டுக்கு மிக அருகில் வந்தது. மீசை முடி கன்னத்தில் உரசியது. துப்பிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். முகத்துக்கு முகம் இருக்கிற ஒரு குருட்டு உயிரை ஏமாற்ற மனம் வரவில்லை. விழுங்கினாள். பிறகு விரலை நீட்டினாள்.

சொரசொரப்பான நாக்கு விரலைத் தொட்டது. ஒரு முறை. நின்றது. இன்னொரு முறை. பிறகு நிறுத்தவே இல்லை. அவள் மூச்சு விடப் பயந்து கிடந்தாள்.

வாய் கொப்பளித்துவிட்டு அவள் சமையலறையில் நின்றபோது கணவர் வாசலில் வந்து நின்றார். வெகுநேரம் கதவுப் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே? இயற்கைன்னு ஒண்ணு இருக்குன்னு இப்ப ஒத்துக்கறியா?"

"இருக்கு. நான் இல்லைன்னு சொன்னதுதான் தப்பு. அது கறி சாப்பிடலைன்னா அதுக்குக் கண்ணு போகும். நீங்க சாப்பிடலைன்னா உங்களுக்கு என்ன போகும்?"

அவர் யோசித்தார். "ஞாயித்துக்கிழமை போகும்."

இரண்டு நாளில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு அந்த ருசி பிடிச்சிருந்துச்சுங்க" என்றாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அதான் பயமா இருக்கு. உடம்பு கேக்கும்போல. ஆனா உடம்பு கேக்கறதும், அதுக்கு வேணுங்கறதும் ஒண்ணு இல்லையே. என் கோவத்துக்குக்கூட உடம்புதான் முதல்ல சூடாகுது. அதுக்காக யாரையாவது அடிச்சுடறேனா? மேனேஜரால இதையெல்லாம் யோசிக்க முடியாது. யோசிக்க முடியற நான் யோசிக்காம விட்டுட்டேன்."

"நாளைக்கும் நீ மென்னு காட்டணுமே" என்றார் அவர் மெதுவாக. "நாளன்னைக்கும்."

"ஆமா." அதைத்தான் அவளும் அப்போதிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை என்பது தாங்கக்கூடியது. தினமும் மூன்று வேளை என்றால், எந்த நாளிலிருந்து அது பூனைக்காக இல்லாமல் தனக்காக ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த இரவு அவள் சரியாகத் தூங்கவில்லை.

விடிந்து எழுந்தபோது அடுப்பில் தனிப்பாத்திரம் இருந்தது. கணவர் குளித்துவிட்டு, வேலைக்குக் கிளம்புகிற சட்டையோடு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் துணி தைக்கும்போது போர்த்திக்கொள்கிற பழைய சால்வையைத் தோளில் சுற்றியிருந்தார்.

"என்னங்க இது வேஷம்?"

"உன் வாசனை இருந்தா கிட்ட வருமோன்னு பாத்தேன். நீ பக்கத்துல உக்காரு. ஒண்ணும் சாப்பிட வேணாம், சும்மா உக்காரு. இன்னைலேருந்து வாயில போடறது என் வேலை."

"உங்ககிட்ட சாப்பிடாதுங்க. பாத்தீங்களே."

"நேத்து அதுக்கு என்னைத் தெரியாது." ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக்கொண்டார். முகம் கோணியது. "உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. மண்ணைத் திங்கற மாதிரி இருக்கு."

"அதுக்கு உப்பு ஆகாது."

"தெரியும், தெரியும். நான் என்ன கேட்டேனா?" மென்றுகொண்டே விரலைக் கட்டிலுக்கு அடியில் நீட்டினார். "மேனேஜர் சார், வாங்க. புது ஆளு வேலைக்குச் சேந்திருக்கேன்."

இருட்டுக்குள்ளிருந்து எதுவும் அசையவில்லை. மணியாகிக்கொண்டிருந்தது. அவர் வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா அவருக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். அவள் கை தானாகக் கிண்ணத்தை நோக்கிப் போனது. அவர் மறுகையால் அதைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

"இன்னும் கொஞ்சம் பாப்போம்" என்றார் மெல்லிய குரலில். இன்னொரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

கட்டில் காலில் மோதிக்கொண்டு மேனேஜர் வெளியே வந்தது. சால்வை நுனியை முகர்ந்தது. அவர் முழங்காலை முகர்ந்தது. விரலுக்கு முன்னால் நின்று, கறுப்பாக விரிந்த கண்களோடு, அந்த மெல்லுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. நெஞ்சு தேறுமா என்பதும் போகப் போகத்தான் தெரியும்.  தையல்காரம்மா அவர் மணிக்கட்டைக் கீழிருந்து தாங்கிக்கொண்டாள்.

பூனை நாக்கை நீட்டியது.

"கூசுது" என்றார் அவர், அசையாமல்.

"பேசாதீங்க" என்றாள் அவள்.

 வேலைக்கு நேரமாகிவிட்டது. கால் மரத்துப் போயிருந்தது. கிண்ணம் காலியாகும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.